மிட்டாயில் தொடங்கிய குடும்பத் தொழில்

நம் தீவில் ரயில் ஓடுவதில்லை. ஆயினும், கப்பலேறிச் சென்னையில் இறங்கி ஊர் செல்லும் நம்மவர்க்கு ரயில் இருக்கையைப் பதிந்து கொடுப்பதே என் உத்தியோகம். மாலையில் டெய்ரி ஃபார்ம் கடைகளில், சிறுவர்கள் மெலடி என்னும் மிட்டாயை ஆவலுடன் வாங்குவதைக் காண்கிறேன். மேலே பாகு, உள்ளே சாக்லெட். 1983-ஆம் ஆண்டு வெளிவந்த அம்மிட்டாயின் பின்னே ஒரு குடும்பத்தின் வரலாறு இருக்கிறது.

அக்குடும்பத்தின் முதல்வர் மோகன்லால் சௌகான். குஜராத்திலிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்தவர். பட்டுத் துணி வியாபாரம் செய்தவர். சுதேசி இயக்கத்தின் வேகம் அவரையும் ஈர்த்தது. அந்நாளில் நல்ல மிட்டாயும் பிஸ்கோத்தும் பெரும்பாலும் சீமையிலிருந்து வந்தன. விலையோ ஏழைகளுக்கு எட்டாதது. அவற்றை இங்கேயே செய்யலாகாதா என்று எண்ணினார் அவர்.

எண்ணியதும் கடை விரித்துவிடவில்லை. ஜெர்மனிக்குப் பிரயாணம் செய்து, மிட்டாய் செய்யும் முறையைக் கற்றார், யந்திரங்களுடன் திரும்பினார். 1929-இல் பம்பாயின் புறத்தே வில்லே பார்லே என்னுமிடத்தில் ஒரு பழைய ஆலையை வாங்கித் தொழில் தொடங்கினார். வேலைக்கு இருந்தோர் பன்னிருவரே, பெரும்பாலும் வீட்டார். யந்திரம் பார்ப்பதும், பாகு காய்ச்சுவதும், பொட்டலம் கட்டுவதும் அவர்களே. ஊரின் பெயரே தொழிலுக்கும் பெயராயிற்று.

முதலில் ஆரஞ்சு மிட்டாய். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்தே குளுகோஸ் பிஸ்கோத்து. 1963-இல் கிஸ்மி மிட்டாய் வந்தது. பிற்காலத்தில் குடும்பத்தின் கிளைகள் தனித்தனியே பிரிந்தன. பழைய ஆலை 2016-இல் உற்பத்தியை நிறுத்தியது. எனினும் தொழில் நிலைத்து நிற்கிறது.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு என் தம்பி, கடலைமிட்டாய் செய்து விற்கப்போவதாகச் சொன்னான். நான் சினந்தேன். "கடல் கடந்து வந்தது சர்க்கார் உத்தியோகத்துக்கா, மிட்டாய் விற்கவா?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. பல நாட்கள் என்னுடன் அமர்ந்து உண்ணவுமில்லை.

சௌகான் அவர்களின் வரலாற்றைப் படித்தபின் என் தவறு புலப்பட்டது. தொழிலில் இழிவு இல்லை. கல்லாமல் தொடங்குவதிலேதான் அபாயம். ஆகவே தம்பியை அழைத்து, "கோவில்பட்டிக்குப் போ. ஆறு மாதம் ஒருவரிடம் அடங்கி நின்று பாகின் பதத்தைக் கற்றுக்கொண்டு வா. முதலுக்கு என்னால் இயன்றதைத் தருகிறேன்" என்றேன்.

அவனுக்கான ரயில் இருக்கையை நானே பதிந்து கொடுத்தேன். நம் பிள்ளைகளில் எவரேனும் இங்ஙனம் ஒரு தொழிலை நாடினால், பெற்றோர்களே, என்னைப்போல் முதலில் சினவாதீர்கள். அதைக் கற்க அவர்கள் ஆயத்தமா என்று மட்டும் கேளுங்கள்.