குளிர்சாதனம் இயங்க மறுத்தால்

தில்லிக் கோடையைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 டிகிரியை எட்டும் நாட்கள் உண்டு. ‘லூ’ என்னும் அனற்காற்று முகத்தைச் சுடும். அத்தகைய நண்பகலில் மோட்டார் வண்டியின் குளிர்சாதனம் இயங்க மறுத்தால் என்ன செய்வது? அனுபவத்தால் நான் கற்றதை இங்கே கூற விரும்புகிறேன்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம், 78 வயதான என் அன்னையார் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார். மதுராவைக் காண வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. புறப்பட்டோம். பல்வல் அருகே தேநீர் அருந்திவிட்டு வண்டியை எடுத்தபோது, குளிர்சாதனப் பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் வெப்பக் காற்றே வந்தது. “ஐயா, கண்ணாடியை இறக்கிவிடு; வெளிக்காற்றே போதும்” என்றார் அன்னையார். ஆயினும் சிறிது நேரத்தில் அவர் முகம் சோர்ந்ததைக் கண்டு அஞ்சினேன்.

சாலையோரப் பட்டறைக்காரர் ஒருவர் வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்த்து, “கேஸ் கதம், கம்ப்ரசரும் போய்விட்டது, 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும்” என்றார். கருவி எதையும் அவர் கையில் எடுக்கவில்லை. அண்டைக் கடையில் பாட்டரி வேலை செய்துகொண்டிருந்த முதியவர் எழுந்து வந்து, ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். ஹாரனுக்குரிய ரிலேயைக் கழற்றி, குளிர்சாதன ரிலேயின் இடத்தில் பொருத்தினார். ‘டிக்’ என்று ஓர் ஓசை. குளிர்ந்த காற்று வந்தது. பழுதுற்றிருந்தது சில நூறு ரூபாய் விலையுள்ள ரிலே ஒன்றே!

ஆகவே, பெரிய யந்திரத்தின் மேல் பழி போடுமுன் சிறியவற்றைச் சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை உண்டு.

முதலில், காற்று வருகிறதா என்று பாருங்கள். விசிறியின் திருகு பூஜ்யத்தில் இருந்தால் பல வண்டிகளில் குளிர்சாதனம் தொடங்காது. திருகியும் காற்றே வராவிடில், விசிறியின் ஃப்யூஸையோ மோட்டாரையோ ஐயுறலாம். மிகுந்த வேகத்தில் மட்டும் விசிறி ஓடினால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் கெட்டிருக்கக் கூடும்.

காற்று வந்தும் குளிரவில்லையா? எஞ்சினை ஓடவிட்டு, மற்றொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். கம்ப்ரசரின் முகப்பிலுள்ள கிளட்ச், காந்த விசையால் ‘டிக்’ என ஒட்டிக்கொண்டு கப்பியோடு சுழல வேண்டும். கிளட்ச் இல்லாத புதிய வகைகளும் உண்டு. அவற்றில் இவ்வோசை கேளாது. சோதிக்கும்போது கையும் சேலைத் தலைப்பும் பெல்ட்டையும் விசிறியையும் நெருங்கலாகாது.

கிளட்ச் ஒட்டாவிடில் ஃப்யூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போட வேண்டும். கம்பியைச் சுற்றுவது தீ விபத்துக்கு வழி. புதியதும் எரிந்தால் எங்கோ மின்கசிவு உள்ளது என்று அறியலாம். அடுத்தது ரிலே. அதே எண்ணும் அதே அமைப்பும் உள்ள வேறொரு ரிலேயை மாற்றிப் பார்ப்பதே எளிய சோதனை.

இவை சரியாக இருந்தால், வாயுவின் அழுத்தத்தை அளக்க வேண்டும். வாயு குறைந்தால், அழுத்தத்தைக் கண்காணிக்கும் ஸ்விட்ச் கம்ப்ரசரை ஓடவிடாது. வாயுவோடு எண்ணெயும் சுற்றி வருவதால், வாயு குறைந்த நிலையில் ஓடினால் கம்ப்ரசர் எண்ணெயின்றி இறுகிப்போகும். எனவே இங்கே இயங்க மறுப்பது குறையன்று, காவலே ஆகும்.

‘கேஸ் கதம்’ என்ற சொல்லைக் கேட்டால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். இவ்வாயு பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஆண்டுகள் பல செல்லச் சிறிதளவு கசியலாம். ஒரே கோடையில் தீர்ந்தால் எங்கோ துளை இருக்கிறது. துளையை அடைக்காமல் வாயுவை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதே. பல வண்டிகளில் உள்ள ஆர்-134ஏ என்னும் வாயு, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்க வல்லது. வெளியேறும் வாயு தோலையும் கண்ணையும் உறையச் செய்யும். ஆதலின் குழாய்களை நாமே கழற்றலாகாது. மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிறக் கம்பிகளையும் தொடலாகாது.

பட்டறையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஃப்யூஸும் ரிலேயும் பார்த்தாயிற்றா? அழுத்தம் அளந்தாயிற்றா? கசிவு எங்கே? விடை கூறாதவரிடம் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

பணத்தினும் பெரிது உயிர். குளிர்சாதனம் நின்றால் கண்ணாடிகளை இறக்கி, நிழலில் நிறுத்தி, முதியோருக்கும் குழந்தைகளுக்கும் முதலில் நீர் கொடுங்கள். மூடிய வண்டிக்குள் அவர்களை ஒரு கணமும் தனியே விடாதீர்கள். அன்று மாலை விச்ராம் படித்துறையில் யமுனை ஆரத்தியை என் அன்னையார் கண்குளிரக் கண்டார். அம்முதியவர் எழுந்து வந்திராவிடில் நாங்கள் பல்வலிலிருந்தே திரும்பியிருப்போம்.