வளை தோண்டும் இறால்

திருச்சி மாவட்டத்துக் கருடமங்கலம் பக்கத்து மணற்பாறைகளில் விரல் தடிமனில் கிளைவிட்டு ஓடும் குழாய்களைப் பார்த்தால், ஏதோ மரத்தின் வேர் கல்லாகிவிட்டது என்றே தோன்றும். அவை இறால் போன்ற உயிரிகள் தோண்டிய வளைகள். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டாரம் கடலடியில் கிடந்தபோது தோண்டியவை. ஓஃபியோமார்ஃபா, தலாசினாய்ட்ஸ் என்று இவ்வகை வளைகளுக்குப் பெயர்.

தோண்டியது யார் என்று எப்படித் தெரியும்? அதே வேலையை இன்றும் செய்யும் காலியனாசிட் இறால்கள் இருக்கின்றனவே! பெயரில்தான் இறால், உறவுமுறையில் நண்டுக்கே நெருக்கம். வெளிறிய மெல்லுடல், ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. உதிரி மணல் சரியாமலிருக்கச் சேற்றை உருட்டிக் கோழையில் ஒட்டிச் சுவர் பூசும் இனங்கள் உண்டு. அதனால் சுவரின் வெளிப்பக்கம் கரடுமுரடு, உட்பக்கம் வழவழப்பு. ஓஃபியோமார்ஃபா கல்லிலும் அதே பூச்சுதான். மெல்லிய ஓடு மட்கிவிடும். பெரும்பாலும் கொடுக்கும் வளையும்தான் மிஞ்சும்.

கழிமுகச் சேற்றை ஒரு பிடி அள்ளினால் மேலே பழுப்பு. அடியில் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் சில மில்லிமீட்டருக்குக் கீழே இறங்காததே காரணம். ஆனால் வளையைச் சுற்றி மட்டும், ஆழத்திலும், துரு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். இறால் அடிவயிற்றுக் கால்களால் விசிறி இழுக்கும் நீரோடு ஆக்சிஜன் உள்ளே போகிறது. சேற்றில் அடைபட்ட அம்மோனியா வெளியே வந்து நுண்பாசிகளுக்கு உரமாகிறது. தோண்டிய மண்ணோ எரிமலை மாதிரி மேலே குவிகிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இரண்டரை மீட்டருக்கும் ஆழமான வளைகளை 1976இல் பதிவு செய்தார்கள்.

இந்த உழவு எல்லாருக்கும் பிடிப்பதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில வில்லாப்பா விரிகுடாவில் தரை இளகி, வளர்ப்புச் சிப்பிகள் சேற்றில் புதைந்தன. (சிப்பி ஜப்பானிலிருந்து வந்தது, இறால்தான் மண்ணின் மைந்தன்.) 1963 முதல் சிப்பி வளர்ப்போர் இறாலைக் கொல்லக் கார்பரில் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். பிறகு நம்மூர்ப் பருத்திக்காட்டில் அடிக்கும் இமிடாக்ளோபிரிட்டைத் தெளிக்க அனுமதி கேட்டார்கள். 2015இல் கிடைத்த அனுமதி, சிப்பி வாங்குவோரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. மீண்டும் கேட்டபோது, மற்ற உயிரினங்களுக்கும் ஆபத்து என்று 2018இல் மாநில அரசு மறுத்துவிட்டது.