டெமு நாற்காலி

அமெரிக்காவில் ஒருவரை அவமதிக்க இப்பொழுதெல்லாம் நீண்ட வசவு தேவையில்லை. "இவர் டெமுவில் வாங்கிய நெப்போலியன்" என்று சொன்னால் போதும். படத்தில் அசலைப் போலக் காட்டி, வீடு வந்து சேர்ந்ததும் பாதி அளவும் கால்பங்கு தரமுமாக நிற்கும் சரக்கு என்பது தாத்பரியம். சில ஆண்டுகளுக்கு முன் இதே கேலியில் 'விஷ்' என்ற பெயர் வழங்கியது. 2010-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் தோன்றிய அந்தக் கம்பெனி, 2020 டிசம்பரில் பங்குகளை விற்றபோது சுமார் 1,400 கோடி டாலர் மதிப்புப் பெற்றிருந்தது. 2024-ல் சுமார் 17 கோடி டாலருக்குக் கைமாறிற்று. கம்பெனி சுருங்கிவிட்டது, கேலியோ சுருங்காமல் வேறொரு பெயரைத் தேடிக்கொண்டது.

அந்தப் பெயர்தான் டெமு. சீனாவில் பின்துவோதுவோ என்னும் மலிவுக் கடையை நடத்துகிறவர்களே 2022 செப்டம்பரில் இதை அமெரிக்காவில் திறந்தார்கள். அவ்வாண்டு ஜூனில் அந்நாட்டின் விலைவாசி ஏற்றம் 9.1 சதவிகிதத்தை எட்டியிருந்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும். 2023 பிப்ரவரியில், அமெரிக்கக் கால்பந்து இறுதிப் பந்தயத்தின் நடுவே, கோடீசுவரரைப் போல் வாங்குங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். கோடீசுவரர்கள் இரண்டு டாலர் செருப்புக்கு அலைவதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

மலிவின் ரகசியம் பெரிதல்ல. தொழிற்சாலைச் சரக்கு சீனாவிலிருந்து நேரே வாங்குபவர் வீட்டுக்குப் பொட்டலமாகப் போயிற்று. இடையில் கடை இருக்கவில்லை. இதற்கு மேல் அமெரிக்க ஸர்க்காரே ஒரு சலுகை அளித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் 200 டாலர் வரையிலான பொட்டலத்துக்கு இருந்த சுங்க விலக்கை 2016-ல் 800 டாலராக உயர்த்தியது. அவ்விலக்கில் தினந்தோறும் நுழையும் பொட்டலங்களில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் டெமு, ஷீயின் ஆகிய இரண்டினுடையவையே என்று 2023-ல் பிரதிநிதிகள் சபைக் கமிட்டி ஒன்று தெரிவித்தது. சீனச் சரக்குக்கு 2025 மே மாதத்திலும், மற்ற நாட்டுச் சரக்குகளுக்கு ஆகஸ்டிலும் இந்த வாசல் சாத்தப்பட்டது.

இனி நாற்காலிக்கு வருவோம். ஒருவர் மிகச் சொற்ப விலையில் நாற்காலிக்கு எழுதிப் போடுகிறார். பொம்மை உட்காரும் நாற்காலி வந்து சேருகிறது. அதை உள்ளங்கையில் வைத்துப் படமெடுத்து இணையத்தில் விடுகிறார், ஆயிரக்கணக்கானோர் சிரிக்கிறார்கள். வியாபாரியின் சமாதானம் ஒன்று உண்டு: அளவைக் கீழே சென்டிமீட்டரில் போட்டிருந்தோமே என்பார். நம் நாட்டில் 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு, வர்ணனையைக் கொண்டு விற்கும் சரக்கு வர்ணனைக்கு இசைந்திருக்க வேண்டும் என்கிறது. பெரிய கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் நாற்காலி நிற்கும் படம் வர்ணனையா, அதன் அடியிலுள்ள பொடி எழுத்து வர்ணனையா? வக்கீல்கள் நான்கு நாள் வாதிக்கக்கூடிய கேள்வி. ஆனால் ஐந்து டாலருக்காக யார் கோர்ட்டுப் படியேறுவார்? வியாபாரியின் முழு பலமும் அங்கேதான் இருக்கிறது.

சீனாவில் ஒருவர் ஏறினார்; அவரும் வக்கீலே. பின்துவோதுவோவில், நண்பர்களைக் கூப்பிட்டு "ஒரு வெட்டு" வெட்டச் சொன்னால் விலை குறைந்துகொண்டே போய் இனாமாகும் என்பது வாக்குறுதி. வருஷக்கணக்காகப் பேசாத உறவினரும் இந்த வெட்டுக்காக மட்டும் செய்தி அனுப்புவது அங்கே பெரிய வேடிக்கையாயிற்று. எத்தனை பேர் வெட்டினாலும் கடைசித் துளி தீருவதில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களைத் திரையில் காட்டாமல் மறைத்திருந்தார்கள். 2021-ல் அந்த வக்கீல் வழக்குத் தொடர்ந்தார். ஷாங்காய் நீதிமன்றம் 400 யுவான் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. தொகை அற்பந்தான், ஆனால் நாடு முழுதும் சிரித்துத் தெரிந்துகொள்ளாத சங்கதி ஒரு பிராதில் வெளிவந்தது.

சிரிப்பு ஏழையின் ஆயுதம், அது பிறரை எச்சரிக்கிறது என்று நண்பர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. ஆனால் அந்தக் கேலி யார்மேல் விழுகிறதென்று பாருங்கள். ஏமாற்றினவன்மேல் தொடங்கி, மெல்ல வாங்கினவன்மேல் திரும்புகிறது. டெமுவில் வாங்குகிறவன் ரசனையற்றவன், அசடன் என்ற தொனி ஏறிவிடுகிறது. அங்கே வாங்குகிறவர்களில் பலர், பள்ளிக்கூடம் திறக்குமுன் மூன்று குழந்தைகளுக்குச் செருப்புத் தேடும் தாயைப் போன்றவர்கள். அவளை நகைப்பது எந்த வகையில் வீரம்? வியாபாரிக்கோ, நகைப்பும் செலவில்லா விளம்பரம்.

எல்லாச் சரக்கும் நாற்காலியுமல்ல. 2025 ஜூலையில் ஐரோப்பியக் கமிஷன் வெளியிட்ட பூர்வாங்க முடிவில், டெமுவில் வாங்கிப் பார்த்த குழந்தை விளையாட்டுப் பொருள்களும் சிறு மின்சாதனங்களும் விதிகளுக்கு ஒவ்வாதவையாக இருக்கக்கூடிய வாய்ப்பு மிக அதிகம் என்று கண்டது. குழந்தை வாயில் வைக்கும் பொருளைப்பற்றி வேடிக்கை செய்ய இடமில்லை.

நம் ஸர்க்கார் 2020 ஜூனில் ஷீயின் உட்பட 59 செயலிகளைத் தடுத்தது. அது தேசப் பாதுகாப்பைக் கருதிச் செய்தது. வாங்குபவரைக் கருதி அல்ல. ஷீயின் 2025-ல் ரிலையன்ஸ் மூலம் திரும்பி வந்துவிட்டது. வாங்குபவருக்கென்று செய்தது வேறு. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சங்களுக்கு இசையாத சரக்கைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. எந்த நாட்டில் செய்ததென்றும் காட்டவேண்டும். பொம்மை நாற்காலி வந்தவர் அதைப் படமெடுக்கட்டும், சிரிக்கட்டும். கையோடு 1915 என்ற எண்ணுக்கும் கூப்பிடட்டும். தேசிய நுகர்வோர் உதவி மையம் அதில் பதில் சொல்கிறது, கூப்பிடக் காசில்லை.