உறைக்குள் உறை: வி.பி.என். ஓர் அறிமுகம்



"வி.பி.என். போட்டுட்டா நம்மள ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது மச்சி!" ஹாஸ்டலில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ஒருத்தரும் தூக்க மாட்டீர்கள். இதில் பாதி உண்மை, பாதி விளம்பரம். எது எதுன்னு பிரித்துப் பார்ப்போமே.

எங்கள் கொல்லிமலைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், கீழ்நாட்டு நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். செம்மேட்டில் ஒரு கடிதத்தை ஒட்டித் தபாலில் போடுகிறீர்கள். உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது. ஆனால் உறையின் மேலே பெறுநர் முகவரி இருக்கிறதே! 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிப்பதற்குள் அது யார் யார் கையிலோ மாறும். டாக்டருக்கா, வக்கீலுக்கா, வட்டிக்கடைக்கா, மாசத்துக்கு எத்தனை தடவை? இவ்வளவு தெரிந்தால் போதும், மீதிக் கதையை ஊரே எழுதிவிடும்.

இன்டர்நெட்டும் இப்படித்தான். இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ். முறையில் இயங்குகின்றன. அதுதான் ஒட்டிய உறை. ஆகவே பஸ் ஸ்டாண்டு வைஃபையில் உட்கார்ந்தாலே பாஸ்வேர்டு பறிபோய்விடும் என்று சில விளம்பரங்கள் பயமுறுத்துவது கொஞ்சம் ஓவர். ஆனால் எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பதை வைஃபை வைத்திருப்பவரும் சிம் கம்பெனியும் பொதுவாகத் தெரிந்துகொள்ள முடியும்.

வி.பி.என். செய்வது என்ன? ஒட்டிய கடிதத்தை அப்படியே இன்னொரு உறைக்குள் போட்டு, நாமக்கல்லில் இருக்கும் நண்பனுக்கு அனுப்புகிறது. அவன் மேலுறையைக் கிழித்து, உள்ளுறையைத் தன் பெயரில் தபாலில் சேர்க்கிறான். மலையில் இருப்பவர்களுக்குத் தெரிவது நாமக்கல் முகவரி மட்டும். கடிதம் கிடைத்தவருக்கோ அது நாமக்கல்லிலிருந்து வந்ததாகத்தான் தெரியும். அந்த நண்பன்தான் வி.பி.என். சர்வர்.

"அதான் மறைஞ்சாச்சே!" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அந்த நண்பனுக்கு எல்லாம் தெரியுமே! இத்தனை நாள் சிம் கம்பெனியின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை வேறொருவர் கைக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். ஆகவே, வி.பி.என். போடுவதா வேண்டாமா என்பதை விட, யாருடைய வி.பி.என். என்பதே முக்கியமான கேள்வி.

உதாரணத்துக்கு ஒனாவோ கதையைப் பாருங்கள். 2013-இல் ஃபேஸ்புக் இந்தக் கம்பெனியை வாங்கியது. 'உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம்' என்று இலவச வி.பி.என். ஆப் கொடுத்தார்கள். ஜனங்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம் அதன் வழியாகவே ஃபேஸ்புக்குக்குப் போனது. 2018-இல் ஆப்பிள் கடையிலிருந்தும் 2019-இல் கூகுள் ப்ளேயிலிருந்தும் அது காணாமல் போனது. 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. ஓசியில் கிடைக்கும் காவல்காரனுக்கு யாரோ ஒருவர் சம்பளம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்!

நம் நாட்டில் வி.பி.என். பயன்படுத்துவது பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் 2025-இல் ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் நிர்வாகம் தற்காலிகத் தடை போட்டது. மற்றபடி, 28 ஏப்ரல் 2022 அன்று செர்ட்-இன் அமைப்பு ஒரு உத்தரவு போட்டது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுக்கப்பட்ட ஐ.பி. முகவரி, எதற்காக வாங்கினார் என்பதையெல்லாம் வி.பி.என். கம்பெனிகள் 5 வருடம் வைத்திருக்க வேண்டும். அலுவலக வி.பி.என்.களுக்கு விலக்கு உண்டு. செப்டம்பர் 2022-இல் இது நடைமுறைக்கு வந்தது. சைபர் குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா என்கிறது அரசு, நியாயமான கேள்விதான். ஆனால் லட்சக்கணக்கான சாதாரண ஜனங்களின் விவரம் 5 வருடம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால், அது திருடனுக்கும் வசதிதானே? எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டு, புரோட்டான் எல்லாம் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அந்த வருடமே எடுத்துவிட்டன.

"எங்கிட்ட மறைக்க என்னப்பா இருக்கு?" என்பவர்களுக்கு ஒரு தகவல். 24 ஆகஸ்ட் 2017 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். உடம்புக்கு என்னவோ என்று ராத்திரி போனில் தேடுகிற தோழிக்கும், கல்விக் கடனுக்கு அலைகிற தோழனுக்கும் அது பொருந்தும்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? ஆப்பை இறக்குவதற்கு முன்னால் நடத்துவது யார், எந்த நாடு, வருமானம் எங்கிருந்து, வெளியார் தணிக்கை நடந்திருக்கிறதா என்று பாருங்கள். இலவசம்தான் வேண்டும் என்றால், காசு கட்டும் வாடிக்கையாளரின் பணத்தில் இலவசத் திட்டத்தையும் நடத்துகிற புரோட்டான் போன்றவை தேவலை. செட்டிங்கில் 'வயர்கார்டு' இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். 2020-இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்ட முறை அது. சின்ன நிரல், வேகமும் அதிகம். மலையில் ஒரு கம்பி சிக்னலில் தவிப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். 1990-களின் பி.பி.டி.பி.யைத் தொடவே வேண்டாம், அதன் பூட்டு என்றைக்கோ உடைந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் வி.பி.என். செட்டிங்கிற்குள் 'ஆல்வேஸ் ஆன்' என்பதையும், வி.பி.என். இல்லாத இணைப்பைத் தடுக்கும் பொத்தானையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் சிக்னல் விட்டு வரும்போது மேலுறை இல்லாமலே கடிதம் போய்விடும்.

இன்னொன்று. கூகுளில் லாகின் செய்துவிட்டுத் தேடினால் எத்தனை உறை போட்டாலும் கூகுளுக்கு உங்களைத் தெரியும். போலி லிங்க்கைத் தட்டி ஓ.டி.பி. சொல்லிவிட்டாலும் வி.பி.என். காப்பாற்றாது.

கடைசியாக ஸ்காலர்ஷிப் விண்ணப்பிப்பவர்களுக்கு: வி.பி.என். வழியாகப் போனால் நீங்கள் சிங்கப்பூரிலோ நெதர்லாந்திலோ இருப்பதாகத் தளத்துக்குத் தெரியும். சில அரசுத் தளங்களும் வங்கி ஆப்புகளும் வெளிநாட்டு முகவரி என்றால் கதவைத் திறக்காது. கடைசித் தேதியன்று பக்கம் திறக்காவிட்டால் சர்வரைத் திட்டுவதற்கு முன்னால் வி.பி.என்.னை அணைத்துப் பாருங்கள்.