முயல் குட்டி போடட்டுமா?

தோட்டத்து வீடுகளில் பிராணிகள் வளர்ப்பது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. நெகிரி செம்பிலானில் பால்மரம் சீவிய காலத்தில் லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்தது. ஆடு இருந்தது, கோழி இருந்தது. பால்மரக் காடுகள் செம்பனைக் காடுகளாக மாறிய பிறகு மாடுகள் குறைந்துவிட்டன. இப்போது பிள்ளைகள் வேறொரு பிராணியைக் கேட்கிறார்கள். அதுதான் முயல்.

சிரம்பானிலோ, பகாவிலோ, போர்ட்டிக்சனிலோ சாமான் வாங்கப் போகிறோம். கூண்டுக்குள் வெள்ளையும் சாம்பலுமாகக் குட்டி முயல்கள் உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது. "ஒன்று மட்டும் வாங்கினால் ஏங்கிப் போய்விடும். இரண்டாக எடுங்கள். இரண்டும் பெட்டைதான், சண்டை போடாது" என்கிறார் கடைக்காரர். இரண்டு குட்டிகளும் வீட்டுக்கு வருகின்றன. மூன்று, நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் பார்த்தால், ஒரு முயல் தன் வயிற்று உரோமத்தைப் பிய்த்துக் கூண்டின் மூலையில் மெத்தை போட்டிருக்கிறது. மறுநாள் அந்த மெத்தைக்குள் ஏதோ நெளிகிறது. வீட்டில் ஒரே கொண்டாட்டம்!

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபப்பட வேண்டாம். சின்னஞ்சிறு முயலில் ஆண் எது, பெண் எது என்று பார்ப்பது பழகியவர்களுக்கே தவறிப் போகும். நான் இன்று உங்களிடம் பேச வந்தது அந்தக் கொண்டாட்டத்துக்குப் பிறகு வருவதைப் பற்றி. ஆசைக்கு வளர்க்கும் முயலை வீட்டிலே குட்டி போட விடலாமா? இதுதான் கேள்வி.

முதலில் முயலின் இயற்கையைத் தெரிந்துகொள்வோம். பசுவும் ஆடும் பருவத்துக்கு வர வேண்டும், காத்திருக்க வேண்டும். முயலுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆணோடு சேர்ந்த பிறகுதான் பெண் முயலின் உடம்பில் கருமுட்டை வெளிப்படுகிறது. ஆகவே, எந்த நாளில் சேர்ந்தாலும் அது சினையாகக்கூடும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். சிறிய இன முயல்கள் நான்காவது மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். அண்ணன், தங்கை, தாய், மகன் என்ற முறையெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். குட்டி போட்ட அன்றைக்கே தாய் முயல் மறுபடியும் சினையாக முடியும். ஆண் முயல் அதே கூண்டில் இருந்தால், மடியில் ஒரு ஈற்றுப் பால் குடிக்கும்போதே வயிற்றில் அடுத்த ஈற்று வளரும். அந்தத் தாயின் உடம்பு என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஈற்றுக்கு ஆறு குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஐந்து ஈற்று என்றால் தாய் போடுவது 30 குட்டி. முதல் ஈற்றில் பிறந்த ஆறில் மூன்று பெட்டையாக இருந்து, அவை ஆண்டு முடிவதற்குள் தலைக்கு இரண்டு ஈற்றுப் போட்டால் இன்னும் 36. ஆக மொத்தம் 66. மற்ற ஈற்றுகளின் மகள்களை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. "இத்தனையும் பிழைக்குமா?" என்று கேட்பீர்கள். பிழைக்காது. பல செத்துத்தான் போகும். ஆசையாக வளர்க்கத் தொடங்கிய பிள்ளை, செத்த குட்டிகளைக் குழி தோண்டிப் புதைக்கப் பழகிவிடும்.

குட்டிகள் ஏன் சாகின்றன? பாதிக் காரணம் நம் அறியாமை. முயல் குட்டி பிறக்கும்போது உரோமம் இல்லை, கண் திறந்திருக்காது. பத்துப் பன்னிரண்டு நாளில்தான் கண் திறக்கும். தாய் முயல் கோழியைப் போல் குஞ்சுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது. ஒரு நாளைக்கு ஓரிரு தடவை மட்டுமே வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டு விலகிவிடும். பகைப் பிராணிகளுக்குக் கூடு இருக்கும் இடம் தெரியாமலிருக்க இயற்கை கொடுத்த புத்தி அது. இது தெரியாத நாம், "தாய் ஒதுக்கிவிட்டது" என்று எண்ணிக் குட்டிகளை வெளியே எடுத்து, டின் பாலைக் கரைத்து வாயில் ஊற்றுகிறோம். பால் மூச்சுக்குழாயில் இறங்கிக் குட்டி செத்துப் போகிறது. குட்டியின் வயிறு உருண்டையாகவும் உடம்பு சூடாகவும் இருந்தால் அது பால் குடித்திருக்கிறது என்று பொருள். விட்டுவிடுங்கள். இன்னொரு பக்கம், தாயைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம் போட்டாலும், நாய் வந்து மோந்து பார்த்தாலும், அது பயந்து போய்த் தன் குட்டிகளையே மிதித்துவிடும், கடித்தும் விடும்.

இரண்டாவது எதிரி வெயில். முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. நம் பக்கத்திலோ பகலில் 32, 33 டிகிரி வரை சூடு ஏறுகிறது. தகரக் கூரைக்குக் கீழே கூண்டு இருந்தால் சொல்லவே வேண்டாம். ஒரு முயலுக்கு நிழலும் காற்றும் தேடுவதே பாடு. ஒரே கூண்டில் பத்து முயல் அடைந்து கிடந்தால், மதிய நேரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அது ஆபத்தின் அறிகுறி.

மூன்றாவது, தீனி. முயலின் பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மென்று மென்றுதான் அது தேய வேண்டும். ரொட்டியும் பிஸ்கட்டும் அதற்கு உணவல்ல. புல்தான் உணவு. தோட்டத்தில் புல்லுக்கா பஞ்சம் என்று நினைப்பீர்கள். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். செம்பனை மரத்தைச் சுற்றியும் பாதை ஓரத்திலும் களைக்கொல்லி மருந்து அடிக்கிறார்கள். பாராகுவாட் என்ற கொடிய மருந்து 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் மற்ற மருந்துகள் இன்னும் உண்டு. மருந்து அடித்த புல் வாடுவதற்கு முன் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும். மருந்து அடிக்கும் வேலைக்குப் போகும் பெண்களுக்கு எந்தப் பகுதியில் எப்போது அடித்தார்கள் என்று தெரியும். அவர்களைக் கேட்காமல் ஒரு பிடி புல்லும் அறுக்காதீர்கள். வேலை உடுப்போடு முயலைத் தூக்கவும் வேண்டாம். ஒன்றிரண்டு முயலுக்கு நல்ல புல்லும் சர்க்கரைவள்ளிக் கொடியும் வீட்டருகிலேயே வளர்த்துவிடலாம். இருபது முயலுக்கு முடியுமா?

நான்காவது, நோய். 1998, 99ஆம் ஆண்டுகளை நெகிரி செம்பிலான் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேராக்கில் தொடங்கிய ஒரு பன்றி நோய், விற்றுக் கைமாறிய பன்றிகளோடு நம் மாநிலத்துக்கும் வந்தது. புக்கிட் பெலாண்டோக் வட்டாரம் கலங்கிப் போனது. அங்குள்ள சுங்கை நீப்பா என்ற சிற்றூரின் பெயரே அந்தக் கிருமிக்குப் பெயராக நிலைத்துவிட்டது. நாட்டில் 265 பேர் நோய்ப்பட்டு, 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அது முயலால் வந்த நோய் அல்ல. அதை முயலோடு முடிச்சுப் போட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் பாடம் ஒன்று உண்டு: பிராணி கைமாறும்போது அதோடு நோயும் கைமாறலாம். முயலுக்கே உரிய இரத்தக்கசிவு நோய் ஒன்று 1984இல் சீனாவில் முதலில் கண்டறியப்பட்டது. 2020இல் நம் அண்டை நாடான சிங்கப்பூரிலும் தலைகாட்டியது. மனிதருக்கு அது தொற்றாது. முயலைச் சில நாளிலேயே கொன்றுவிடும். சொறியும் காதுப் பூச்சியும் அடிக்கடி வருகிறவை. கூட்டம் பெருகினால் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். கிளினிக்கில் உங்களுக்குக் கொடுத்த மாத்திரையில் மிச்சத்தை முயலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெனிசிலின் வகை மருந்து வாய்வழி போனால் முயலின் குடலைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும்.

இனி முக்கியமான கேள்வி. பிறந்த குட்டிகள் எங்கே போகும்? முதல் ஈற்றை அக்கம் பக்கத்தார் ஆசையோடு வாங்கிக்கொள்வார்கள். இரண்டாவது ஈற்றுக்குத் தயங்குவார்கள். மூன்றாவது ஈற்றுக்குக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அப்போது யாராவது சொல்வார்கள்: "செம்பனைக் காட்டில் விட்டுவிடு, புல்லைத் தின்று பிழைத்துக்கொள்ளும்."

அது பிழைக்காது. 1859இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் இங்கிலாந்திலிருந்து வந்த 24 முயல்களைத் தம் நிலத்தில் வைத்துப் பெருக்கினார். அவை கோடிக்கணக்காகப் பெருகி, அந்நாட்டுப் பயிர் பச்சைகளைப் பாழாக்கின. அங்கே குளிர்ந்த புல்வெளி. காட்டு முயலின் இரத்தம். இங்கேயோ எலியைத் தேடி வரும் பாம்புகள், மலைப்பாம்பு, மரநாய், ஊர் நாய் எல்லாம் காத்திருக்கின்றன. கூண்டிலே வளர்ந்த வெள்ளை முயல் ஓடி ஒளியத் தெரியாமல் சில நாளில் மாண்டுபோகும். சட்டமும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி, பிராணிக்கு உணவும் இடமும் பராமரிப்பும் கொடுப்பது வளர்ப்பவரின் கடமை. கொடுமை செய்தவருக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ விதிக்க இடமுண்டு.

"இறைச்சிக்கு வளர்க்கலாமே?" என்று சிலர் கேட்கலாம். வளர்க்கலாம், தவறில்லை. ஆனால் அது தொழில். தாய்க்கு ஒரு கூண்டு, ஆணுக்கு ஒரு கூண்டு, பால் மறந்த குட்டிகளுக்கு வேறு கூண்டுகள், சேர்த்த நாளும் ஈன்ற நாளும் எழுதிய நோட்டு, முன்கூட்டியே பேசி வைத்த வாடிக்கையாளர், தோட்ட நிர்வாகத்தின் அனுமதி இவ்வளவும் வேண்டும். பிள்ளை பெயர் வைத்துக் கொஞ்சிய முயலை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. சேர்த்தால் பிள்ளையின் மனம் உடையும். தொழிலா, செல்லமா என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு உடம்புக்கு நல்லது" என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. இதில் உண்மை இல்லை. வயதான பெண் முயல்களுக்குக் கருப்பையில் புற்று வருவது அதிகம். ஒருமுறை ஈன்றுவிட்டால் அது வராது என்று இருந்துவிட முடியாது. கருப்பையை எடுக்கும் அறுவைதான் அதைத் தடுக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? செல்லத்துக்கு வளர்ப்பவர்களுக்கு என் பதில் ஒன்றே: குட்டி போட விடாதீர்கள். வாங்கி வந்ததும் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆணா, பெண்ணா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் ஆவதற்குள் இரண்டையும் தனித்தனிக் கூண்டில் பிரித்துவிடுங்கள். நடுவில் கம்பி வலை இருந்தால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு துணையாக இருக்கும். இதற்குச் செலவு ஒரு கூண்டுதான். வசதி உள்ளவர்கள் ஆண் முயலுக்குக் காயடிக்கச் செய்யலாம். மாட்டுக்குச் செய்து பார்த்தவர்கள்தானே நாம்! ஆனால் காயடித்த பிறகும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை அதனால் சினைப்படுத்த முடியும். அதுவரை சேர்த்து விடக் கூடாது. முயலுக்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்த மருத்துவர் யார் என்று மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஏற்கெனவே குட்டி போட்டுவிட்டதா? பதற வேண்டாம். ஆண் முயலை அந்த நிமிடமே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். தாய்க்குத் தண்ணீர் குறையாமல் வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் வரை குட்டிகளைத் தாயோடு விட்டு, அதன் பிறகு ஆண், பெண் பிரித்து, வளர்க்கக் கூடியவர் என்று தெரிந்த வீடுகளுக்கு மட்டும் கொடுங்கள். கொடுக்கும்போது இன்று கேட்ட செய்தியையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் பெரியவர்கள். நன்றாகக் கவனித்தால் ஒரு முயல் எட்டு, பத்து ஆண்டு உயிர் வாழும். இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் உங்கள் பிள்ளை இடைநிலைப் பள்ளியை முடிக்கும் தறுவாய் வரை அது கூட இருக்கும். முகம் தெரியாத அறுபது குட்டிகளைப் பிறக்க வைத்துச் சாக விடுவதைவிட, இருக்கும் இரண்டை அந்தப் பத்தாண்டும் நிழலில், குளிர்ச்சியாக, வயிறு நிறைய வைத்திருப்பதே பெரிய காரியம். ஓர் உயிருக்குப் பொறுப்பு ஏற்பது என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் அந்த இரண்டிடமே கற்றுக்கொள்ளட்டும்.