முழங்கால் முன்பக்கம் ஏன் வலிக்கிறது?

மன்னாரின் அரிப்புக் கரையில் உதைபந்து விளையாடும் 13 வயதுப் பிள்ளை, முழங்காற்சில்லுக்குக் கீழே நோகிறது என்றால் அலட்சியம் வேண்டாம், அவசரமும் வேண்டாம். எலும்பு விரைவாக வளரும் பருவம் அது. தொடைத்தசை இழுக்கும் ஒவ்வொரு முறையும், தசைநார் பற்றியிருக்கும் கீழ்க்கால் எலும்பின் முற்றாத குருத்துப் பகுதி இழுபட்டு வீங்குகிறது. 1903இல் பொஸ்டனில் மருத்துவர் ஒஸ்குட்டும் சூரிச்சில் மருத்துவர் ஷ்லாட்டரும் தனித்தனியே விவரித்த நோய் இது.

சத்திரசிகிச்சை? பெரும்பாலும் தேவையில்லை. ஆட்டத்தைக் குறைத்து, ஐஸ் ஒத்தடம் கொடுத்து, தசையை நீட்டும் பயிற்சி செய்தால் வளர்ச்சி முடிய வலி பெரும்பாலும் அடங்கும். எலும்பு வளரும் இடமான வளர்ச்சித்தட்டு மூடுமுன் அங்கே கத்தி வைத்தால் எலும்பு கோணி வளரக்கூடும். வளர்ந்த பின்னும் தசைநாருக்குள் எலும்புத்துண்டு உறுத்தினால் மட்டுமே அதை அகற்றுவார்கள்.

இரவிலும் வலித்தால், காய்ச்சல் இருந்தால், பிள்ளை நொண்டினால் உடனே மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.