வகுப்பறையில் பஸ்கா விருந்து: பெற்றோர் அறிய வேண்டியவை

இங்கிலாந்தில் படிக்கும் உங்கள் பிள்ளை, 'வகுப்பில் செடர் சாப்பாடு' என்று பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவரலாம். சமயக் கல்விப் பாடத்தில், யூதர்களின் பஸ்கா பண்டிகையைச் சாப்பாட்டின் வழியே சொல்லித்தரும் வகுப்பு அது.

பஸ்கா எதற்காக? எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோர்கள் மோசேயின் தலைமையில் விடுதலை பெற்றதை நினைவுகூரத்தான். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும். முதல் நாள் இரவு குடும்பமாக உட்கார்ந்து, அந்தக் கதையைச் சொல்லிச் சாப்பிடுவதே செடர் (வரிசை முறைப்படி நடக்கும் விருந்து).

புத்தகத்தில் படித்தால் போதாதா? இந்த விருந்தே பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஏற்பட்டதுதான். வழக்கமாக வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்கும். பெரியவர்கள் பதில் சொல்வார்கள். ஒளித்துவைத்த ரொட்டித் துண்டைத் தேடிக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குப் பரிசும் உண்டு.

தட்டில் என்ன இருக்கும்? அடிமை வாழ்வின் கசப்புக்குக் காரமான குதிரைமுள்ளங்கி அல்லது கசப்புக் கீரை. கண்ணீருக்கு உப்புநீரில் தோய்த்த பார்ஸ்லி இலை. செங்கல் வேலையின் சாந்துக்கு, ஆப்பிளும் கொட்டைகளும் சேர்த்து அரைத்த இனிப்புக் கலவை. கூடவே மட்சா (புளிக்காத ரொட்டி). மாவு புளிக்கக்கூட நேரமின்றி முன்னோர் கிளம்பியதால் இந்த ரொட்டி. மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டெடுத்துவிட வேண்டும்.

நாங்கள் சைவம், என்ன செய்வது? தட்டில் சுட்ட ஆட்டெலும்பும் அவித்த முட்டையும் இருக்கும். எலும்பு பார்வைக்கு மட்டுமே. பலர் அதற்குப் பதில் பீட்ரூட் வைப்பதும் உண்டு. முட்டை வேண்டாம் என்றால் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வாமை இருந்தால்? இதில்தான் கவனம் தேவை. இனிப்புக் கலவையில் பெரும்பாலும் வால்நட் இருக்கும்; மட்சா கோதுமையில் செய்வது. இரண்டில் எது ஒத்துக்கொள்ளாவிட்டாலும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். கொட்டைக்குப் பதில் பேரீச்சம்பழம் சேர்த்தும் செய்யலாம்.

ஒயின் கொடுப்பார்களா? வீடுகளில் பெரியவர்கள் நான்கு கோப்பை குடிப்பார்கள். பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறுதான்.

இது வழிபாடு ஆகிவிடாதா? ஆகாது. உண்மையான செடர் பண்டிகை இரவில், யூதர்களின் வீடுகளில் நடப்பது. பள்ளியில் நடப்பது அதன் செய்முறை விளக்கம். அப்படியும் மனம் ஒப்பவில்லையா? அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் சமயக் கல்வி வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

பண்டிகை நாள்களில் யூத நண்பர் யாராவது வீட்டுக்கு வந்தால்? பிரெட், பிஸ்கட், கேக் நீட்டாதீர்கள். சில குடும்பத்தினர் அரிசி, பருப்பையும் தொடமாட்டார்கள், அவர்களுக்கு இட்லியும் ஆகாது. பழம் கொடுங்கள், வேறு எது சாப்பிடலாம் என்று அவர்களையே கேளுங்கள். விவரம் தெரியாமல் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.